ரேஸ்ரேஞ்சர்: 12 மீட்டருக்குக் காவல் நிற்கும் விளக்கு

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் நீள்தூர ட்ரையத்லானில் ஒருவர் 180 கிலோமீட்டர் சைக்கிள் பகுதியை எத்தனை மணி நேரத்தில் முடித்தார் என்பதைவிட, அந்த நேரத்தைத் தன் கால்களால் மட்டும் ஈட்டினாரா, முன்னால் சென்றவரின் காற்றுமறைவில் ஒதுங்கி ஈட்டினாரா என்பதே அதிகச் சண்டைக்குக் காரணமாக இருந்து வந்திருக்கிறது. அந்தச் சண்டையில் ஒரு பகுதியையாவது முடித்து வைக்க நியூசிலாந்திலிருந்து வந்திருக்கும் மின்னணுக் கருவிதான் ரேஸ்ரேஞ்சர். ஜேம்ஸ் எல்வரி, டிலன் மெக்நீஸ் என்ற இரு முன்னாள் தொழில்முறை ட்ரையத்லான் வீரர்கள் இதை உருவாக்கினார்கள். 2023 ஜனவரியில் அந்நாட்டின் டவுரங்கா அரைத்தூரப் பந்தயத்தில் தொழில்முறைப் பிரிவில் முதன்முதலாகக் களமிறங்கிய இக்கருவி, அதன் பிறகு டி100 என்னும் தொழில்முறைப் பந்தயத் தொடரிலும், அயர்ன்மேன் என்ற நீள்தூரப் பந்தய நிறுவனத்தின் தொழில்முறைப் பந்தயங்களிலும் பயன்படுத்தப்பட்டிருக்கிறது.

இது கடையில் வாங்கிச் சைக்கிளில் மாட்டிக்கொள்ளும் பொருள் அன்று. பந்தய அமைப்பாளர் அமர்த்திக்கொள்ள வேண்டிய சேவை. பந்தயத்துக்கு முன் ஒவ்வொரு சைக்கிளிலும் பொருத்தப்பட்டு, முடிந்ததும் கழற்றி எடுத்துக்கொள்ளப்படும். நான் தொழில்முறை அல்லாதோருக்கான வயதுப் பிரிவில் கலந்துகொள்பவன். என் சைக்கிளில் இது ஏறியதில்லை. நேரடி ஒளிபரப்புகளில் பார்த்தும், விதிகளையும் எண்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டும் எழுதும் மதிப்பீடு இது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்முறைப் பிரிவு நடத்தும் எந்த அமைப்பாளரும் இதைத் தயங்காமல் எடுக்கலாம். ஆனால் இதைப் பொருத்திவிட்டதாலேயே சைக்கிள் பகுதி நேரங்கள் தூய்மையாகிவிட்டன என்று விளம்பரம் செய்தால் அதை நம்ப வேண்டியதில்லை.

கருவியின் தேவையைப் புரிந்துகொள்ள, இது வருவதற்கு முன் தூரம் எப்படி அளக்கப்பட்டது என்பதைப் பார்க்க வேண்டும். அயர்ன்மேனின் நெடுங்கால விதிப்படி டிராஃப்டிங் வளையம், அதாவது முன்னவரின் காற்றுமறைவில் ஒதுங்காமலிருக்க விட வேண்டிய இடைவெளி, 12 மீட்டர் நீளமுடையது; முன்னவரின் முன்சக்கர விளிம்பிலிருந்து பின்னவரின் முன்சக்கர விளிம்பு வரை அது அளக்கப்படுகிறது. ஒருவர் அதற்குள் நுழைந்தால் 25 வினாடிகளுக்குள் முந்தியாக வேண்டும். முந்தப்பட்டவர் பின்வாங்கி வளையத்தை விட்டு வெளியேற வேண்டும். மீறினால் நீல அட்டை, பெனால்ட்டி கூடாரத்தில் ஐந்து நிமிடம் நிற்க வேண்டும். எழுத்தில் இது மிகத் தெளிவான விதி. ஆனால் அந்த 12 மீட்டரை யார் அளந்தார்கள்? மோட்டார் சைக்கிளின் பின்னிருக்கையில் அமர்ந்துவரும் அதிகாரி, பின்னாலிருந்து நெருங்கும்போது, தம் கண்ணால் அளந்தார். பின்னாலிருந்து ஒரே கோட்டில் பார்க்கும் கண்ணுக்கு இரண்டு சைக்கிள்களுக்கு இடையே இருப்பது 9 மீட்டரா 13 மீட்டரா என்று பிரித்தறிவது மிகக் கடினம். பக்கவாட்டில் வந்து பார்த்தால் ஓரளவு தெரியும். ஆனால் மோட்டார் சைக்கிள் ஓசை கேட்டதுமே அனைவரும் பிரேக்கைத் தொட்டு இடைவெளி விட்டுவிடுவார்கள்.

அமெரிக்க நெடுஞ்சாலைகளில் இதற்கு ஓர் எளிய வழி உண்டு. அங்கே தடங்களைப் பிரிக்கும் விட்டுவிட்டு வரையப்பட்ட வெள்ளைக் கோடு 10 அடி, அடுத்த வெற்றிடம் 30 அடி. இரண்டும் சேர்ந்தால் 40 அடி, அதாவது 12.2 மீட்டர். ஒரு கோட்டின் தொடக்கத்தில் முன்னவர் இருக்கும்போது அதற்கு முந்தைய கோட்டின் தொடக்கத்தில் பின்னவர் இருந்தால் சரியாகிவிடும். கடிகாரக் கணக்கும் உண்டு: மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் செல்பவர் ஒரு வினாடியில் 11 மீட்டர் கடக்கிறார் என்பதால், சாலையோரக் கம்பத்தை முன்னவர் தாண்டிய பின் ஒரு வினாடிக்குச் சற்று மேலாக விட்டுத் தாண்டினால் விதிக்குள் இருப்பதாகக் கொள்ளலாம். இவை நேர்மையாக ஓட்ட விரும்புபவருக்கு உதவும் குறிப்புகளே தவிர, தண்டனை விதிக்கப் போதுமான சான்றுகள் ஆகா. ஐந்து நிமிடத் தண்டனை பெற்ற எவரும் தாம் 12 மீட்டருக்கு வெளியேதான் இருந்ததாகச் சத்தியம் செய்வதும், தண்டனை பெறாத கூட்டத்தைப் பார்த்துப் பிறர் பொருமுவதும் ஒவ்வொரு பெரிய பந்தயத்துக்குப் பின்னும் நடப்பவை.

ரேஸ்ரேஞ்சர் இந்த இடத்தில்தான் தன் வேலையைச் செய்கிறது. ஒவ்வொரு சைக்கிளிலும் இரண்டு சிறு கருவிகள் பொருத்தப்படுகின்றன: முன் ஃபோர்க்கில் ஒன்று, பின்புறத்தில் ஒன்று. பின்னவரின் முன்கருவியும் முன்னவரின் பின்கருவியும் ரேடியோ அலைகளால் ஒன்றோடொன்று பேசிக்கொண்டு இடைத்தூரத்தைத் தொடர்ந்து கணக்கிடுகின்றன. ஜிபிஎஸ் இதற்குப் பயன்படாது. திறந்த சாலையிலேயே அதன் பிழை சில மீட்டர்கள் வரை போகும் என்பதால், 12 மீட்டர் வரம்பை அதை வைத்துத் தீர்ப்பது அநியாயமாகிவிடும். இங்கே பயன்படுத்தப்படுவது அல்ட்ரா வைட்பேண்ட் என்னும் அகன்ற அலைவரிசை நுட்பம். அலை ஒரு கருவியிலிருந்து இன்னொன்றுக்குப் போய்ச்சேர எடுத்துக்கொள்ளும் நேரத்தை அது அளக்கிறது. ஒரு நானோ வினாடியில் ரேடியோ அலை சுமார் 30 சென்டிமீட்டர் பயணிக்கும் என்பதை நினைத்தால், இந்த அளவீடு எவ்வளவு நுண்ணிய கடிகாரத்தைக் கேட்கிறது என்பது விளங்கும்.

கணக்கிட்ட தூரம் பின்கருவியில் உள்ள விளக்கின் வழியாகப் பின்னவருக்குக் காட்டப்படுகிறது. தொலைவில் இருக்கும்வரை எதுவும் இல்லை. வரம்பை நெருங்கும்போது எச்சரிக்கும் நிறங்கள். உள்ளே நுழைந்துவிட்டால் மின்னும் சிவப்பு. இந்த வடிவமைப்பில் எனக்கு மிகவும் பிடித்தது, செய்தி யாருக்குப் போகிறது என்பதுதான். தூரத்தைக் காக்க வேண்டிய கடமை பின்னவருடையது. விளக்கும் அவர் கண்ணுக்கு நேரே எரிகிறது. கைப்பிடியில் உள்ள திரையைக் குனிந்து பார்க்க வேண்டியதில்லை, காதில் எதுவும் ஒலிக்க வேண்டியதில்லை. சாலையைப் பார்த்துக்கொண்டே ஓட்டுபவருக்கு அது தானாகவே தெரியும். அத்துடன், அருகே வரும் அதிகாரியும் அதே சிவப்பைக் காண்கிறார், ஒளிபரப்பின் கேமராவும் காண்கிறது. பின்னவர், அதிகாரி, பார்வையாளர் மூவரும் ஒரே அளவைப் பார்க்கும்போது, "நான் வெளியேதான் இருந்தேன்" என்ற வாதத்துக்கு இடமில்லாமல் போய்விடுகிறது.

ஆனாலும் சிவப்பு எரிந்தாலே குற்றம் என்று ஆகிவிடாது. முந்துபவர் எவரும் சிவப்பைக் கடந்துதான் முந்தியாக வேண்டும். முந்தி முடித்த கணத்தில் அவருடைய பின்விளக்கு, முந்தப்பட்டவரை நோக்கிச் சிவப்பாக மின்னும், அப்போது முந்தப்பட்டவர் எந்தத் தவறும் செய்திருக்கமாட்டார். எத்தனை வினாடி எரிந்தது, அதற்கு முன் யார் எங்கே இருந்தார், முந்தும் முயற்சி உண்மையில் நடந்ததா, சாலை வளைவா, உணவு நிலையமா என்பவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்த பின்பே தீர்ப்புச் சொல்ல முடியும். அதனால்தான் கருவி தானாகத் தண்டனை விதிப்பதில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் மனிதரிடமே இருக்கிறது. இதைக் கருவியின் குறை என்று சிலர் சொல்கிறார்கள். நான் அப்படிக் கருதவில்லை. தானாகத் தண்டிக்கும் இயந்திரம் வந்தால் வீரர்கள் இயந்திரத்தின் 25 வினாடியை எண்ணிக்கொண்டு, இருபத்து நான்காவது வினாடியில் வெளியேறி மீண்டும் உள்ளே வரும் கலையை ஒரே பருவத்தில் கற்றுக்கொள்வார்கள்.

உண்மையான குறை ஏற்றத்தில்தான் தெரிகிறது. சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்ற இருவருக்கு இடையே இருந்த ஒரு வினாடி இடைவெளி, மணிக்கு 15 கிலோமீட்டராக வேகம் குறையும் ஏற்றத்தில் நான்கு மீட்டருக்குச் சற்று மேலாகச் சுருங்கிவிடும். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. முன்னவர் முதலில் ஏற்றத்தைத் தொட்டார், அவ்வளவுதான். ஆனால் விளக்குகள் வரிசையாகச் சிவக்கும். அந்த வேகத்தில் காற்றின் எதிர்ப்பு மிகக் குறைவு என்பதால் காற்றுமறைவால் கிடைக்கும் பலனும் பெயருக்குத்தான். 2023இல் ஆடவர் உலகச் சாம்பியன்ஷிப் நடந்த நீஸ் போன்ற இடத்தில், சுமார் 2,400 மீட்டர் ஏற்றம் உள்ள பாதையில், கருவி எச்சரிக்கும் கணங்களில் கணிசமானவை பொருளற்றவையாகவே இருக்க முடியும். அதேவேளை, இறக்கத்தில் மணிக்கு 60 கிலோமீட்டரில் 12 மீட்டருக்குச் சற்று வெளியே செல்பவருக்கு விளக்கு எதையும் சொல்லாது, ஆனால் காற்றுமறைவின் பலன் அங்கேதான் மிகுதி. தூரத்தை மட்டும் அளக்கும் கருவியால் இந்த வேறுபாட்டை அறிய முடியாது. இது கருவியை உருவாக்கியவர்களின் பிழை அன்று. விதியே தூரத்தில்தான் எழுதப்பட்டிருக்கிறது.

விதி என்று சொன்னதும் அதன் மையத்துக்கே வந்துவிட வேண்டும். 12 மீட்டருக்கு அப்பால் காற்றுமறைவு முடிந்துவிடுகிறதா? இல்லை. ஓட்டுபவரின் முதுகுக்குப் பின்னால் கலங்கும் காற்று அதையும் தாண்டி நீள்கிறது. ஒருவருக்குப் பின் ஒருவராகப் பத்துப் பேர் சரியாக 12 மீட்டர் விட்டுச் சென்றாலும், முன்னால் செல்பவர் தவிர மற்றவர்களுக்கு ஏதோ ஓர் அளவு பலன் உண்டு என்பது ஓட்டியவர்கள் அனைவரும் அறிந்தது. எவ்வளவு என்பது காற்றின் திசை, உடல் நிலை, வரிசையின் நீளம் ஆகியவற்றைப் பொறுத்து மாறும். வாதத்துக்காகக் காற்றெதிர்ப்பில் 5 விழுக்காடு குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். சமதரையில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டுபவரின் உழைப்பில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கவே செலவாகிறது. காற்றைக் கிழிக்கத் தேவையான திறன் வேகத்தின் மூன்றாம் அடுக்கில் (வேகம் × வேகம் × வேகம்) ஏறுகிறது. அந்தக் கணக்கில் 5 விழுக்காடு எதிர்ப்புக் குறைவு வேகத்தில் ஏறத்தாழ ஒன்றரை விழுக்காடு ஆகும். நான்கரை மணி நேரம் ஓட்டுபவருக்கு அது நான்கு நிமிடம். விதியை ஒரு சென்டிமீட்டர்கூட மீறாமல் கிடைக்கும் இந்த நான்கு நிமிடம், விதியை மீறியவருக்கு விதிக்கப்படும் ஐந்து நிமிடத் தண்டனைக்கு அருகில் வருகிறது. மேலும், புத்திசாலியான வீரர் அதை வேகமாக மாற்றாமல் கால்களில் சேமித்து வைத்துக்கொண்டு மாரத்தானில் செலவழிப்பார். அப்போது சைக்கிள் நேரத்தில் அதன் தடமே தெரியாது.

ஆகவே ரேஸ்ரேஞ்சரின் மதிப்பு, அமைப்பாளர் அதில் எந்த எண்ணைப் பதிக்கிறார் என்பதைப் பொறுத்தது. தொழில்முறை ட்ரையத்லான் வீரர்களின் அமைப்பான பிடிஓ தன் பந்தயங்களுக்கு 20 மீட்டரை வைத்தது. அதன் டி100 தொடரிலும் அதுவே. அயர்ன்மேன் நெடுங்காலம் தொழில்முறையினருக்கும் வயதுப் பிரிவினருக்கும் ஒரே 12 மீட்டரை வைத்திருந்தது. கண்ணால் அளந்த காலத்தில் 20 மீட்டர் விதியைச் செயல்படுத்துவது 12 மீட்டரைவிடக் கடினமாக இருந்தது, ஏனெனில் தூரம் கூடக்கூடக் கண்ணின் பிழையும் கூடும். கருவி வந்த பின் அந்தச் சாக்கு இல்லை. 12, 20 ஆகிய இரண்டையும் அது ஒரே எளிமையோடு அளக்கும். என்னைக் கேட்டால், இக்கருவி செய்த மிகப் பெரிய நன்மை சிவப்பு விளக்கு அன்று. வளையத்தை நீட்டுவதற்கு இருந்த நடைமுறைத் தடையை நீக்கியதுதான்.

20 மீட்டருக்கும் ஒரு விலை உண்டு. பத்துப் பேர் வரிசையில் முதலாமவருக்கும் கடைசி நபருக்கும் இடையே 12 மீட்டர் விதியில் 108 மீட்டர் இருக்கும். 20 மீட்டர் விதியில் 180 மீட்டர். நடுவில் புகுந்தால் யாரோ ஒருவரின் வளையத்துக்குள் இருக்க நேரும் என்பதால், கடைசியில் இருப்பவர் முன்னேற விரும்பினால் பெரும்பாலும் வரிசை முழுவதையும் ஒரே மூச்சில் தாண்ட வேண்டும். மணிக்கு 3 கிலோமீட்டர் கூடுதல் வேகத்தில் சென்றால் முதல் வரிசையைத் தாண்ட இரண்டு நிமிடத்துக்கும் மேல், இரண்டாவதைத் தாண்ட மூன்றரை நிமிடத்துக்கும் மேல் ஆகும். மணிக்கு 40இலிருந்து 43க்குப் போக 20 விழுக்காட்டுக்கும் அதிகமான கூடுதல் திறன் வேண்டும். அதை மூன்றரை நிமிடம் தாங்கிவிட்டு, பின்னர் மாரத்தானும் ஓட வேண்டும். முந்துவதற்குரிய கால வரம்பும் தூரத்துக்கேற்ப நீள வேண்டும். 12 மீட்டரை 25 வினாடிகளில் கடக்க மணிக்கு 1.7 கிலோமீட்டர் வேக வேறுபாடு போதும். 20 மீட்டரை அதே 25 வினாடிகளில் கடக்க 2.9 வேண்டும். வளையத்தை மட்டும் நீட்டிக் கால வரம்பை அப்படியே விட்டால், முந்துவதையே தண்டிக்கும் விதியாக அது மாறிவிடும். அமைப்பாளர்கள் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும்.

சைக்கிள் பகுதி நேரங்களைத் தனிமனிதச் சாதனையாகப் படிக்கும் பழக்கம் எவ்வளவு ஆபத்தானது என்பதற்கு 2018 அயர்ன்மேன் டெக்சாஸை விடச் சிறந்த சான்று கிடையாது. ஹார்டி டோல் ரோடு என்னும் தட்டையான, அகன்ற கட்டணச் சாலையில் ஓடிய அந்தப் பாதையில், வயதுப் பிரிவினர் மந்தை மந்தையாகச் சென்ற படங்கள் உலகம் முழுவதும் சுற்றின. மேட் ஹான்சன் 7:39:25 மணியில் வென்றார். ஆண்ட்ரூ ஸ்டாரிகோவிச் சைக்கிள் பகுதியை நான்கு மணி நேரத்துக்குள் முடித்தார். பாதை முழுத் தூரத்துக்குச் சற்றுக் குறைவாக இருந்ததும் பிறகு தெரியவந்தது. அந்த நேரங்களை அயர்ன்மேன் சாதனைகளாக ஏற்கவில்லை. இதில் ஸ்டாரிகோவிச்சின் நிலைதான் பரிதாபத்துக்குரியது. பிறர் பின்னால் ஒதுங்காமல் முன்னால் நின்று காற்றை முட்டிக்கொண்டு ஓட்டுபவர் என்று பெயரெடுத்தவர் அவர். ஆனால் கூட்டமாகச் சென்றவர்களின் நேரங்களோடு சேர்த்து அவருடைய நேரமும் சந்தேகப் பட்டியலில் விழுந்தது. அன்று சைக்கிள்களில் ரேஸ்ரேஞ்சர் இருந்திருந்தால், யார் எத்தனை நிமிடம் யாருடைய வளையத்துக்குள் இருந்தார் என்ற பதிவாவது எஞ்சியிருக்கும். நேர்மையாக ஓட்டியவரைப் பிரித்தெடுக்க முடிந்திருக்கும். பாதையின் நீளக் குறைவை எந்த விளக்கும் சரி செய்திருக்காது என்பது வேறு விஷயம்.

காற்றுமறைவின் முழு வலிமையைக் காண வேண்டுமானால் 2022 ஜூனில் ஜெர்மனியின் லாவுசிட்ஸ்ரிங் கார்ப் பந்தயத் தடத்தில் நடந்த சப்7 முயற்சியை, அதாவது முழுத் தூரத்தை ஏழு மணி நேரத்துக்குள் முடிக்கும் முயற்சியை, பார்க்கலாம். அங்கே காற்றுமறைவு அனுமதிக்கப்பட்டது மட்டுமன்று, அதற்காகவே துணை ஓட்டுநர்கள் அமர்த்தப்பட்டிருந்தார்கள். கிறிஸ்டியன் புளூமென்ஃபெல்ட் முழுத் தூரத்தை 6:44:25 மணியில் முடித்தார். ஜோ ஸ்கிப்பர் 6:47:36. இருவருடைய சைக்கிள் நேரமும் மூன்றரை மணிக்கும் குறைவு. ஹவாயின் கோனாவில் சாம் லெயிட்லோ 2022இல் 4:04:36 என்று ஒரு சாதனையை வைத்து, 2024இல் அதை 3:57:22 ஆகத் தாமே முறியடித்தார். குவீன் கே நெடுஞ்சாலையின் பக்கக்காற்றில், துணை ஓட்டுநர் யாருமின்றி ஓட்டிய நேரங்கள் அவை. இரண்டும் 180 கிலோமீட்டர்தான், ஆனால் இரண்டையும் ஒரே அட்டவணையில் வைக்க முடியாது. இவ்விரு எல்லைகளுக்கும் நடுவே எங்கோதான் மற்ற எல்லாருடைய சைக்கிள் நேரமும் இருக்கிறது; எங்கே என்று முடிவுப் பட்டியல் சொல்வதில்லை. நீச்சல், சைக்கிள், ஓட்டம், மாற்று நேரங்கள் என்ற பத்திகளுக்கு அருகே, "பிறர் பின்னால் 30 மீட்டருக்குள் இருந்த நேரம்" என்றொரு பத்தியும் இருந்தால் பட்டியலின் பொருளே மாறிவிடும். இக்கருவியின் பதிவுகள் அதற்கு உதவக்கூடும். தண்டனைக்குரிய மீறலை மட்டுமன்றி, சட்டத்துக்குட்பட்ட நெருக்கத்தையும் அதே பட்டியலில் அச்சிடும் அமைப்பாளரை நான் மனமாரப் பாராட்டுவேன்.

லெயிட்லோவைப் போல முன்னால் தனியே செல்பவரும் முற்றிலும் தனியே செல்வதில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். அவருக்கு முன்னால் ஒளிபரப்பு மோட்டார் சைக்கிள் செல்கிறது. விளையாட்டுக் காற்றியக்கவியலில் பெயர்பெற்ற பெர்ட் பிளாக்கன் குழுவினரின் ஆய்வு, மோட்டார் சைக்கிளுக்குப் பின்னால் செல்லும் சைக்கிள் ஓட்டுநருக்குக் காற்றெதிர்ப்பு எவ்வளவு குறைகிறது என்று கணக்கிட்டுக் காட்டியது: சுமார் இரண்டரை மீட்டரில் 48 விழுக்காடு, 10 மீட்டரில் 23, 30 மீட்டரில் 12, 50 மீட்டரில்கூட 7. இந்த எண்களை முதன்முறை படித்தபோது இரண்டுமுறை சரிபார்க்கத் தோன்றியது. 50 மீட்டர் என்பது தொலைக்காட்சித் திரையில் பார்ப்பவருக்கு மோட்டார் சைக்கிளே கண்ணில் படாத தூரம். பின்னால் வரும் பத்துப் பேர் 12 மீட்டரா 13 மீட்டரா என்று நானோ வினாடிக் கணக்கில் கண்காணிக்கப்படும்போது, முன்னால் செல்பவருக்கு ஒரு கேமரா வண்டி அதைவிடப் பெரிய பலனை அளித்துக்கொண்டிருக்க முடியும். ரேஸ்ரேஞ்சர் சைக்கிளுக்கும் சைக்கிளுக்கும் இடையிலான கருவி. இந்தப் பக்கம் அதன் கவனத்துக்கு வெளியே இருக்கிறது.

இனி வயதுப் பிரிவினர். "எங்களுக்கும் இதைப் பொருத்தினால் என்ன?" என்ற கேள்வி ஒவ்வொரு பந்தயத்துக்குப் பின்னும் எழுகிறது. செலவைச் சற்று ஒதுக்கிவிட்டு எண்ணிக்கையை மட்டும் பார்ப்போம். நடுத்தர வேக நீச்சல்காரர்கள் 1,000 பேர் கால்மணி நேர இடைவெளிக்குள் தண்ணீரிலிருந்து வெளியேறி, மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் சைக்கிளில் செல்கிறார்கள் என்று கொள்வோம். கால்மணி நேரத்தில் அந்த வேகத்தில் 9 கிலோமீட்டர் கடக்கலாம். ஆகவே அந்த ஆயிரம் பேரும் 9,000 மீட்டர் சாலையில் பரவியிருக்கிறார்கள். ஆளுக்கு 9 மீட்டர். ஒவ்வொருவரும் சட்டத்தை மதிக்க வேண்டும் என்று உள்ளூர நினைத்தாலும், 12 மீட்டர் விட்டுச் செல்ல அந்தச் சாலையில் இடமே இல்லை. அங்கே ரேஸ்ரேஞ்சரைப் பொருத்தினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை சிவப்பு விளக்குகள் எரியும். யாரைத் தண்டிப்பது என்று எந்த அதிகாரியாலும் சொல்ல முடியாது. மின்னும் சிவப்புக்குப் பழகிப்போன கண் அதன் பிறகு அதைப் பொருட்படுத்தாது என்பது இன்னொரு தீங்கு.

எனவே வயதுப் பிரிவுக்குக் கருவியைவிடத் தொடக்க முறையே மருந்து. ஒரே துப்பாக்கி வெடிக்கு எல்லாரும் நீரில் பாயும் பழைய முறையைப் பல பந்தயங்கள் கைவிட்டு, சில வினாடிக்கு ஒருமுறை சிலரை மட்டும் விடும் தொடர் தொடக்கத்துக்கு மாறியது இந்தக் காரணத்தாலும்தான். கோனாவும் 2019இல் வயதுப் பிரிவுகளைத் தனித்தனி அலைகளாகப் பிரித்தது. ஆயிரம் பேரைக் கால்மணி நேரத்துக்குப் பதில் 40 நிமிடத்தில் விட்டால் ஆளுக்கு 24 மீட்டர் கிடைக்கும். இத்தனைக்கும் பிறகு கூட்டமாகச் செல்பவர் வேண்டுமென்றே செல்கிறார் என்று துணிந்து சொல்லலாம், அவரிடம் அதிகாரியை அனுப்பலாம்.

இதை எழுதும்போது நம்மூர் ஓட்டுநர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத் தோன்றுகிறது. வார இறுதி விடியலில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மாமல்லபுரம் நோக்கிச் செல்பவர்கள் பெரும்பாலும் குழுவாகவே செல்கிறார்கள். போக்குவரத்தை நினைத்தால் அதுவே பாதுகாப்பு, பேச்சுத்துணையும் கிடைக்கிறது. ஆனால் அந்தச் சராசரி வேகத்தை வைத்துக்கொண்டு தன் முதல் அரைத்தூரப் பந்தயத்தின் 90 கிலோமீட்டருக்குத் திட்டம் போடுபவர், பந்தய நாளில் தன் எதிரே வெறும் காற்று மட்டும் இருப்பதைக் காணும்போது திகைத்துப் போகிறார். குழுவில் ஓட்டிப் பெற்ற மணிக்கு 35 கிலோமீட்டர், தனியே 31 ஆவதில் வியப்பில்லை. திட்டத்தைத் தனியே ஓட்டிய நாளின் எண்ணிலிருந்து தொடங்குவதே நல்லது. பந்தயத்தில் முன்னவர் 12 மீட்டருக்கு வெளியே கிடைத்தால் அந்தப் பலனை ஏற்றுக்கொள்வதில் தவறேதும் இல்லை. அது விதி அனுமதிப்பது.

மீண்டும் கருவிக்கு வருவோம். இதை அமர்த்த எண்ணும் அமைப்பாளர் இரண்டை உடன் செய்தால்தான் பணம் வீணாகாது. ஒன்று, எரிந்த சிவப்பை என்ன செய்வோம் என்பதை வீரர்கள் கூட்டத்தில் முன்கூட்டியே எழுத்தில் தர வேண்டும்: எத்தனை வினாடி, எத்தனை முறை, ஏற்றத்தில் எப்படி, உணவு நிலையத்தில் எப்படி என்பதெல்லாம். விளக்கு எரிந்தும் தண்டனை வராத பந்தயத்தை நேரடி ஒளிபரப்பில் பார்ப்பவர்கள், விளக்கே இல்லாத காலத்தைவிட அதிகமாகக் கொதிப்பார்கள். முன்பு சந்தேகமாக இருந்தது இப்போது கண்ணால் கண்டதாகிவிடுகிறது. இரண்டு, ஒளிபரப்பு வண்டிகளுக்கும் அதிகாரிகளின் வண்டிகளுக்கும் ஒரு குறைந்தபட்சத் தூரத்தை வகுத்து, அவற்றின் மீதும் அதே கருவியைப் பொருத்த வேண்டும். சைக்கிளில் வேலை செய்யும் கருவி மோட்டார் சைக்கிளில் வேலை செய்யாமலிருக்க இயற்பியலில் எந்தக் காரணமும் இல்லை. அங்கே விளக்கு பின்னவரைப் பார்த்து எரிவதற்குப் பதில், வண்டியோட்டியின் கைப்பிடியில் எரிந்தால் போதும்.